4,294,967,297: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

வெள்ளவத்தை டியூஷனால் வந்த களைப்பில் அன்றைக்குக் கேட்டாய்: "பெரிய எண்ணைக் காரணிப்படுத்துறது கணினி செய்யிற வேலை மாமா, மனிசர் ஏன் மினக்கெடோணும்?" பதில் சொல்லத் தொடங்கவே உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டா. அதனால் எழுதுகிறேன்.

ஒரே ஒரு எண்ணை எடுப்போம்: 4,294,967,297. இது 2இன் 32ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டியது. 2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 வரும். ஐந்தும் முதன்மை எண்கள். இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் எல்லாமே முதன்மைதான் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். நிறுவ முடியவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அடுத்தது நம்முடைய எண். 1732இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6,700,417.

கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்ப்பதென்றால் வர்க்கமூலம் வரை, அதாவது 65,536 வரையுள்ள 6,542 முதன்மை எண்களோடும் மல்லுக்கட்ட வேண்டிவரலாம். ஆனால் இந்த எண்ணின் காரணி எதுவாக இருந்தாலும் அதை 64ஆல் வகுத்தால் மீதி 1தான் வரும். ஆய்லரே பின்னர் நிறுவிய விதி இது. அப்படியானால் பார்க்க வேண்டிய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிட்டது!

சரி, வகுக்காமலே காட்டலாமா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 641 = 5 × 128 + 1. ஆகவே 641ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் 5 × 2⁷ என்பது −1க்குச் சமம். நான்காம் வலுவுக்கு உயர்த்து: 5⁴ × 2²⁸ என்பது 1க்குச் சமம். ஆனால் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ஐப் போடலாம். −2³² என்பது 1 ஆகிறது, அதாவது 2³² என்பது −1. ஒன்றைக் கூட்டினால் 2³² + 1, மீதி பூச்சியம். இதற்கு எந்தக் கணினி வேண்டும், சொல்லு?

கணினியைக் குறைசொல்லவில்லை. இணையத்தின் பழைய நான்கு பகுதி முகவரிகள் மொத்தம் 4,294,967,296, நம் எண்ணுக்கு ஒன்று குறைவு. இன்னும் ஒன்றைக் குறைத்தால் 3 × 5 × 17 × 257 × 65,537, அந்த ஐந்து பேரும் வரிசையாக! ஆறாவதாக ஒரு ஃபெர்மா முதன்மை இன்றுவரை அகப்படவில்லை.

இனி உனக்கு ஒரு வேலை. 6,700,417 முதன்மையா? அதன் காரணியெல்லாம் பெரிய எண்ணுக்கும் காரணிதான், அதனால் அதே 64 விதி பொருந்தும். வர்க்கமூலம் 2,588ஐத் தாண்டி ஒரு துளி. 641க்கு முந்தியவை ஏற்கெனவே கழிந்துவிட்டன. மிஞ்சுவது 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழே ஏழு வகுத்தல், கல்குலேட்டரைத் தொடாமல் செய்.

அன்புடன்,
மாமா