வேலை முடிந்த காகிதங்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாவலாசிரியர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஓர் இடம் மட்டும் மனதை உறுத்துகிறது. புத்தகம் வெளிவந்துவிட்டால் அதற்காகத் திரட்டிய கடிதங்களும் குறிப்புகளும் வேலை முடிந்த காகிதங்கள்தான் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். என்னால் ஏற்க முடியவில்லை. புத்தகத்தில் எது விடுபட்டது என்பதை அந்தக் காகிதங்களைத் தவிர வேறு எது சொல்லும்?

ஆங்கில நாவலாசிரியர் சார்லட் பிராண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1855-இல் இறந்தார், எலிசபெத் காஸ்கெல் எழுதிய வாழ்க்கை வரலாறு 1857-இல் வந்தது. அதற்கு உயிர் கொடுத்தவை, தோழி எலன் நஸி பத்திரப்படுத்தியிருந்த கடிதங்கள். படித்ததும் எரித்துவிட வேண்டும் என்று சார்லட்டின் கணவர் 1854-இல் எலனிடம் வாக்குக் கேட்டார். இத்தகைய கடிதங்கள் தீக்குச்சியைப் போல ஆபத்தானவை என்பது அவர் நினைப்பு என்று சார்லட்டே எழுதியிருக்கிறார். நல்லவேளை, எலன் எரிக்கவில்லை.

ஆனால் வேறு சில கடிதங்களும் இருந்தன. பிரஸ்ஸல்ஸில் தனக்குப் பாடம் சொல்லித்தந்த கான்ஸ்டன்டின் ஹெகருக்கு, ஊர் திரும்பிய பிறகு 1844, 1845-இல் சார்லட் எழுதியவை. ஹெகர் மணமானவர். ஒரு பதில் வராதா என்று ஏங்கித் தவிக்கிற கடிதங்கள் அவை. நான்குதான் மிஞ்சின. அவற்றில் மூன்று கிழிக்கப்பட்டு, பிறகு துண்டு துண்டாகச் சேர்க்கப்பட்டவை. நூலால் தைத்த இடங்கள்கூட உண்டு. கிழித்தவர் ஹெகர், பொறுக்கி எடுத்து இணைத்தவர் அவர் மனைவி என்பது அந்தக் குடும்பத்தார் சொன்னது. நான்காவது கடிதத்தின் ஓரத்தில் ஹெகர் ஒரு செருப்புத் தைப்பவரின் முகவரியைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். அச்சிட்ட வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கி எறிந்திருந்தால் அந்தத் தையலும் போயிருக்கும், முகவரியும் போயிருக்கும்.

காஸ்கெலுக்கு இந்தக் கடிதங்கள் தெரியும். 1856-இல் பிரஸ்ஸல்ஸுக்கே போய் ஹெகரைச் சந்தித்தார். தீங்கில்லாத வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். சார்லட்டின் தந்தையும் கணவரும் உயிரோடு இருந்த நேரம். காஸ்கெலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹெகரின் பிள்ளைகள் 1913-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்த பிறகுதான் வாசகர்கள் அவற்றை முழுதாகப் படித்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் ‘வேலை முடிந்து’ கிடந்த காகிதங்கள்!

நாவலாசிரியரின் கடிதங்களுக்கு இருக்கும் மதிப்பு, வரலாறு எழுதியவரின் சொந்தக் குறிப்புகளுக்கும் உண்டு. ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸின் வரலாற்றை 1959-இல் வெளியிட்ட ரிச்சர்ட் எல்மன், ஜாய்ஸை நேரில் அறிந்த பலரைத் தேடிப் போய்ப் பேசியவர். ஜாய்ஸின் தம்பி ஸ்டானிஸ்லாஸ் 1955-இல் போய்விட்டார். அவரிடம் இனி யாரும் கேள்வி கேட்க முடியாது. எல்மனின் ஆய்வுத் தாள்கள் அமெரிக்காவின் டல்சா பல்கலைக்கழகத்தில் இருப்பதால், அவர் எதைக் கேட்டார், எதை எடுத்துக்கொண்டார் என்றாவது நாம் பார்க்கலாம்.

வீட்டில் இப்படிக் கடிதக்கட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உறைகளைத் தயவுசெய்து வீசாதீர்கள். கடிதத்தில் வெறும் ‘செவ்வாய்க்கிழமை’ என்று இருக்கும். வருடத்தைச் சொல்வது உறை மேலுள்ள தபால் முத்திரைதான். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்ட வேண்டாம், காலப்போக்கில் அந்தப் பசை தாளை மஞ்சளாக்கிக் கெடுத்துவிடும். குடும்ப ரகசியம் வெளியே வந்துவிடுமோ என்று பயமா? இத்தனை வருடம் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டே ஆவணக்காப்பகத்தில் கொடுக்கலாம். எரிப்பதற்கு அவசியமே இல்லை.

அப்புறம், உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாழ்க்கை வரலாறுகளுக்கு மதிப்புரை வெளியிடும்போது, அதற்கு ஆதாரமான கடிதங்களும் குறிப்புகளும் இப்போது எங்கே இருக்கின்றன, மற்றவர்கள் போய்ப் பார்க்க முடியுமா என்று நூலாசிரியரிடம் கேட்டு இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
தங்கள் வாசகர்