குடலைப் பார்க்கப் போய் அட்ரினலில் நிற்கும் ஸ்கேன்கள்

குடல் இரைப்பை மருத்துவர்களுக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

மாதக்கணக்கில் வயிற்று உப்புசம், மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி என்று வருகிறவருக்கு முதல் நாளிலேயே சி.டி. ஸ்கேன் எழுதித் தருவது இப்போது வழக்கமாகி வருகிறது. இதில் நோயாளிகளும் குடும்பத்தாருமான எங்கள் பங்கும் உண்டு. ஸ்கேன் எழுதாத மருத்துவரைச் சரியாகப் பார்க்காதவர் என்று குறை சொல்பவர்கள் நாங்கள்தான்.

சி.டி.யின் அருமையை மறுக்க நான் வரவில்லை. குடல் அடைப்பிலும் குடலில் ஓட்டை விழுந்த நிலையிலும் அதுதான் உயிரைக் காக்கிறது; குடல் காசநோயா, குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயா என்று அடிக்கடி திண்டாட வேண்டிய நம் நாட்டில், சிறுகுடல் சுவரின் தடிப்பையும் நிணநீர்க் கணுக்களையும் காட்டும் சி.டி. என்டரோகிராஃபி (சிறுகுடலுக்கான தனி சி.டி.) பெருந்துணை. ஆனால் குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலேயே வலியும் மலப்போக்கில் மாற்றமும் தரும் எரிச்சல் குடல் நோயை (ஐ.பி.எஸ்.) எந்த ஸ்கேனும் காட்டாது. 2016இல் வெளிவந்த, இத்தகைய குடல் கோளாறுகளுக்கான ரோம் 4 என்ற சர்வதேச வரையறை அதை அறிகுறிகளைக் கொண்டே நிர்ணயிக்கிறது. குடலின் உட்சவ்விலுள்ள சிறு பாலிப்புகளையும் (சதை வளர்ச்சிகளையும்) லேசான அழற்சியையும் சாதாரண வயிற்று சி.டி. தவறவிடும். ரத்தசோகை, எடைக் குறைவு, மலத்தில் ரத்தம் ஆகியவற்றை விசாரித்து, குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவை மலத்தில் பார்த்து, தேவையானால் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலைக் கேமரா குழாயால் பார்ப்பது) செய்வதே பெரும்பாலோருக்கு நேர்வழி.

38 வயதான என் தங்கைக்கு அந்த வழி வாய்க்கவில்லை. உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்த சி.டி.யில் குடல் இயல்பாக இருந்தது. சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டியும், சிறுநீரகத்தின் மேல் இருந்து ஹார்மோன் சுரக்கும் அட்ரினல் சுரப்பிகளில் இடப்பக்கத்தில் 1.4 செ.மீ. கட்டியும் இருந்தன. அறிக்கையின் கடைசி வரி, நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்றது. யார் ஒப்பிடுவது என்று அதில் இல்லை. கான்ட்ராஸ்ட் ஏற்றிய படத்தை மட்டும் வைத்து அட்ரினல் கட்டியின் தன்மையைச் சொல்ல முடியாததால், கான்ட்ராஸ்ட் இல்லாமல் இன்னொரு சி.டி. எடுக்க நேர்ந்தது. அந்தப் படத்தில் கட்டி ஒரே சீராக, அதன் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு) மேற்படாமல் இருந்தால் அது தீங்கற்ற கட்டி. அவளுக்கு அப்படியே இருந்தது. கட்டி கார்டிசால் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதா என்றறிய, இரவில் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை ரத்தத்தில் கார்டிசால் பார்த்ததும் சரியாகவே வந்தது. இத்தனைக்கும் வயிற்று வலி அப்படியே இருந்தது என்பது வேறு கதை.

இத்தகைய தற்செயல் கண்டுபிடிப்புகளால் சிறுநீரகப் புற்றுநோய் தொடக்கத்திலேயே பிடிபட்டுப் பிழைத்தவர்களும் உண்டு. ஆகவே கண்ணில் பட்டதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் வயிறு, இடுப்புப் பகுதிக்கான ஒரு சி.டி.யின் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு). உலக சராசரியில் ஒருவர் இயற்கையாக ஓராண்டுக்குப் பெறுவதோ 2.4 மில்லிசீவர்ட்தான். இளம் வயதினருக்கு இரண்டாவது ஸ்கேன் என்பதை எளிதாக எடுத்துக்கொள்ள இயலாது.

எனவே, ஸ்கேன் சீட்டில் வெறுமனே வயிற்று வலி என்று எழுதாமல், எந்த நோயைத் தேடுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். குடலுக்கு வெளியேயும் ஏதாவது தென்படலாம், அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதை ஸ்கேனுக்கு முன்பே நோயாளியிடம் சொல்லுங்கள். சி.டி. கொலனோகிராஃபிக்கு (பெருங்குடலைப் பார்க்கும் சி.டி.) 2005இல் வகுக்கப்பட்ட சி-ராட்ஸ் என்ற அறிக்கை முறை, குடலுக்கு வெளியே காணப்படுபவற்றை முக்கியமற்றவை, முழுமையாக அறியப்படாதவை, கவனிக்க வேண்டியவை என்று தரம் பிரிக்கிறது. சாதாரண வயிற்று சி.டி. அறிக்கைக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவருவதில் என்ன தடை? எளிய நீர்க்கட்டி என்றால் மேற்கொண்டு பரிசோதனை வேண்டாம் என்றே எழுதிவிடலாம். தொடர வேண்டியதாயின், எந்தப் பரிசோதனை, எத்தனை மாதம் கழித்து, எந்தத் துறை மருத்துவரிடம் என்பதை அறிக்கையிலேயே குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் உடன்பிறப்பு