கண்ணீர் மட்டும் இல்லை

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் பற்றிய கவிதைத் தொகுப்பை, உங்கள் ஞாயிறு இதழ் மதிப்புரையைப் பார்த்துத்தான் வாங்கினேன். 'கண்ணீர்க் கவிதைகள்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

கண்ணீர் உண்டு. 1963 செப்டம்பரில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில், வெள்ளை இனவெறியர்கள் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வைத்த குண்டு வெடித்து இறந்த நான்கு சிறுமிகளைப் பற்றிய பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அவர்களில் இளையவளுக்கு வயது 11.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதே மாநிலத்து மான்ட்கோமரி நகரம் பற்றிய பக்கம்தான். 1955 டிசம்பரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதான இரவு, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று சொல்லும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிய விடிய உருட்டி எடுத்தார். இருபது வருடம், அப்படி நகல் உருட்டி எடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷினோடு மல்லுக்கட்டியவள் நான். ஸ்டென்சில் அவசரத்துக்குத்தான் கிழியும். நகக்கண்ணில் ஏறிய மை இரண்டு நாளைக்குப் போகாது. அந்தக் கைகளை எனக்குத் தெரியும். பிறகு அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். இது அழுகையா? ராப்பகலாகப் பார்த்த வேலை அல்லவா!

ஒரே குறை, ஆண்டும் இடமும் சொல்லும் குறிப்பு எங்குமே இல்லை. "செல்மாங்கறது ஆளா, ஊரா பாட்டி?" என்று கேட்டாள் பேத்தி. அலபாமாவில் ஓர் ஊர் என்றும், 1965 மார்ச்சில் அங்கே பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்தது என்றும் நான்தான் சொன்னேன். அடுத்த பதிப்பிலாவது அந்தக் குறிப்புகளைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்