பக்கத்தின் அடியில் மிஞ்சும் நாலு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைச் சிறப்புப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் பத்துப் பக்கமும் சினிமாப் பாட்டு மட்டும்தான். சினிமாப் பாட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என் இளமையே அதோடுதான் ஓடியது. இருந்தாலும் சினிமாவுக்கு வெளியே, அதிகம் பேருக்குத் தெரியாமல் வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு குழுவின் பெயராவது அந்தப் பத்துப் பக்கத்தில் வந்திருக்கலாம். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

1986-லிருந்து எட்டு வருடம் தூத்துக்குடியில், கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்கள் கோடு போட்ட தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள், கூடவே ஒரு டிடிகே 90 கேசட். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பாட்டுக்கு நாலு, நாலரை நிமிடம் என்றால் பத்துப் பாட்டு பிடிக்கும். கடைசியில் இரண்டு மூன்று நிமிட டேப் மிஞ்சும். சும்மா விட்டால் "காசு குடுத்த டேப்பை வீணாக்கிட்டீங்களே" என்று சண்டைக்கு வருவார்கள். அந்த மிச்சத்தில் எதைப் போடுவது என்பது எங்கள் இஷ்டம். முதலாளி ஏதாவது ஒரு ஹிட் பாட்டைப் பாதியில் வெட்டிப் போட்டுவிடுவார். நான் அப்படிச் செய்யமாட்டேன். கப்பலில் வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து காப்பி எடுக்கக் கொடுத்த கேசட்டுகள் கடையில் இருந்தன. பாதிக் கேசட்டுகளில் குழுவின் பெயர்கூட இருக்காது. அதிலிருந்து ஒரு கிடார் வாசிப்போ, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு மேளமோ எடுத்து அந்த இடத்தில் போட்டுவிடுவேன். அடுத்த வாரம் யாராவது ஒருவர் வந்து நிற்பார். "தம்பி, கடைசில ஒண்ணு வந்துச்சே, அது என்னது? முழுசாக் கிடைக்குமா?" அந்தக் கேள்விக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது அந்த வேலையை போனில் இருக்கும் ஆப் செய்கிறது. நான் கேட்ட பாட்டைக் கேட்ட மற்றவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று கணக்குப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறது. கணக்கு தப்பென்று சொல்ல மாட்டேன், எனக்கும் சில நல்ல பாட்டுகள் அப்படிக் கிடைத்திருக்கின்றன. ஆனால் யாருமே கேட்காத பாட்டு அந்தக் கணக்குக்குள் நுழைவது எப்படி? 2024-லிருந்து ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு ஆப்பில் ஒரு பாட்டு வருடத்துக்கு 1000 தடவையாவது ஒலித்திருந்தால்தான் அதற்குக் காசு. சின்னக் குழுக்களுக்கு இந்த ஆயிரம் சாதாரண விஷயமில்லை. உங்கள் வாசகர்களில் ஆயிரம் பேர் ஆளுக்கு ஒருமுறை கேட்டாலே ஒரு பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

அமனாஸ் என்ற குழுவை எனக்குச் சொன்னது ஆப் இல்லை, என் அக்கா மகன். "மாமா, ராத்திரி லைட்டை அணைச்சிட்டு கேளுங்க" என்று ஒரு வரி எழுதி, ஒரு பாட்டை அனுப்பியிருந்தான். 'காலா மை ஃப்ரெண்ட்'. மெதுவான பாட்டு. ஒரு கிடார் அழுகிற மாதிரி போய்க்கொண்டிருக்கும், குரல் அதன் பின்னால் தயங்கித் தயங்கி வரும். அன்றைக்கு நாலு தடவை கேட்டேன். கப்பல்காரர்களின் பெயரில்லாத கேசட்டுகள் அத்தனையும் ஞாபகத்துக்கு வந்தன.

அமனாஸ் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஜாம்பியா நாட்டுக் குழு. 1975-ல் 'ஆப்பிரிக்கா' என்று ஒரே ஒரு எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, போட்டார்கள், அவ்வளவுதான். பெயருக்கு என்ன அர்த்தம் என்று தேடியபோது மெய்சிலிர்த்துவிட்டது. 'ஜாம்பியாவின் நல்ல கலைஞர்களைப் பற்றி என்னிடம் கேளுங்கள்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்துகள் அவை. தன் பெயரிலேயே மற்றவர்களையும் சிபாரிசு செய்கிற குழு!

சரி, கேட்போம் என்று கேட்டேன். ஒரு உலகமே திறந்தது. ஜாம்பியா 1964-ல் விடுதலை பெற்ற செம்புச் சுரங்க நாடு. ஜனாதிபதி கென்னத் கவுண்டா, வானொலியில் 95 சதவிகிதம் உள்நாட்டு இசைதான் ஒலிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சுரங்க நகரங்களின் இளைஞர்கள் ஏற்கெனவே ஆங்கில ராக் ரெக்கார்டுகளைக் கேட்டு ஊறியிருந்தார்கள். அந்தக் கரகரப்பான கிடார் சத்தத்தையும் தங்கள் ஊர்த் தாளத்தையும் சேர்த்துப் புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். அதற்குப் பெயர் ஜாம்ராக். அதில் முன்னால் நின்ற குழு 'விட்ச்'. பாடகர் எம்மானுவேல் சாண்டாவை எல்லோரும் 'ஜகாரி' என்றே கூப்பிட்டார்கள், 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற ஆங்கில ராக் குழுவின் பாடகர் மிக் ஜாகரின் பெயரை அவர்கள் நாக்கு அப்படி மாற்றிக்கொண்டது. 1975-ல் வந்த 'லேசி போன்ஸ்' எல்பியில் 'ஸ்ட்ரேஞ்ச் ட்ரீம்' கேட்டுப் பாருங்கள், அந்தத் துணிச்சல் புரியும். விக்டோரியா அருவியின் உள்ளூர்ப் பெயரையே வைத்துக்கொண்ட முசி-ஓ-துன்யா, மின்னல் மாதிரி கிடார் வாசித்த பால் ங்கோசி என்று இன்னும் பலர் இருந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் செம்பு விலை விழுந்தது, நாடு வறுமைக்குப் போனது, மேடைகள் குறைந்தன. அப்புறம் எய்ட்ஸ் வந்தது. அந்தத் தலைமுறை இசைக்காரர்களில் ஏராளமானவர்களை அது கொண்டுபோய்விட்டது. விட்ச் குழுவின் ஆரம்ப உறுப்பினர்களில் மிஞ்சியவர் ஜகாரி ஒருவர்தான். அவரும் பாட்டை விட்டுவிட்டு ரத்தினக்கல் தோண்டப் போய்விட்டார். அவரைத் திரும்ப அழைத்து வந்தது எந்த விளம்பரமும் இல்லை. தேய்ந்த ரெக்கார்டுகளைத் தேடிப் பிடித்த ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் வேறொருவருக்குச் சொல்ல, கடைசியில் நவ்-அகெய்ன் என்ற அமெரிக்க நிறுவனம் அவற்றை மறுபடி வெளியிட்டது. 2023-ல், எழுபது வயதைத் தாண்டிய ஜகாரி இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 'ஜாங்கோ' என்று புது ஆல்பமே போட்டார். அதைக் கேட்கும்போது என் கண் கலங்கியது.

நமக்குப் பக்கத்திலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 'ருத்ரா' என்ற குழு 1992-ல் தொடங்கியது. பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். வாசிப்பது ராக் இசையின் மிகக் கடுமையான வகையான டெத் மெட்டல், அடித்தொண்டையில் உறுமிப் பாடுவது, நடுநடுவே சமஸ்கிருத ஸ்லோகங்கள், பாடுபொருள் அத்வைதம். இதை 'வேதிக் மெட்டல்' என்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்குக் காது வலித்தது, உண்மைதான். அக்கா மகன் "மூணு தடவை கேளுங்க, அப்புறம் சொல்லுங்க" என்றான். மூன்றாவது தடவை அந்த டிரம்ஸுக்குள் இருக்கும் ஒழுங்கு பிடிபட்டது. பிரம்மவித்யா என்ற தலைப்பில் 2005, 2009, 2011 என்று மூன்று ஆல்பங்களாக ஒரே சிந்தனையைத் தொடர்ந்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் விடாமல் வாசிக்கும் இவர்களைத் தமிழ்ப் பத்திரிகை வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? சென்னையிலேயே கர்நாடக ராகத்தை எலக்ட்ரிக் கிடாரில் வாசிக்கும் 'ஜடாயு' இருக்கிறது. பெரும்பாலும் பாட்டு கிடையாது, வாத்தியம்தான். எனக்கு அவர்களை மாலையில் கேட்கப் பிடிக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரெக்கார்டிங் சென்டரில் நாங்கள் செய்தது எல்லாம் அனுமதி இல்லாத காப்பி. பாடியவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. அது தப்பு. அதனால் இப்போது பிடித்த குழுவின் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குகிறேன். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்கும் இணையதளத்தில் ஒரு ஆல்பம் வாங்கினால் அவர்கள் பொதுவாக 15 சதவிகிதமும் பணப் பரிமாற்றச் செலவும் எடுத்துக்கொண்டு மீதியைக் குழுவுக்கோ அதன் நிறுவனத்துக்கோ கொடுக்கிறார்கள். சில வெள்ளிக்கிழமைகளில் அந்த 15-ஐயும் எடுப்பதில்லை. வாசகர்களுக்கு இது பயன்படும்.

இப்போது என் வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் கட்டுரை முடிந்து பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் மிஞ்சும்போது துணுக்கு போடுகிறீர்கள். பல வருடமாகப் பார்க்கிறேன், நத்தைக்கு எத்தனை பல் என்பது போன்ற செய்திகள். அந்த நாலு வரியை இதழுக்கு ஒரு குழுவுக்குக் கொடுங்கள். முழுப் பக்கம் கேட்கவில்லை. பெயர், ஊர், எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம், அவ்வளவு போதும். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதி அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம். மற்ற வாசகர்களும் அனுப்பட்டும். மதுரையிலும் மட்டக்களப்பிலும் கிள்ளானிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எனக்குத் தெரியாத எத்தனையோ குழுக்கள் தெரிந்திருக்கும்.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மாதிரிக்கு ஒன்று எழுதியிருக்கிறேன்:

"தி கன்ஃப்யூஷன்ஸ். ஊர் மெட்ராஸ். 1970-ஐ ஒட்டி ஒரு சிகரெட் கம்பெனி அகில இந்திய அளவில் நடத்திய சிம்லா பீட் போட்டியில் வாசித்தவர்கள். அந்தப் போட்டிக்காக வந்த எல்பிகளில் இவர்கள் பாட்டும் இருக்கிறது. 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்'. ஹெட்ஃபோனில் கேளுங்கள்."

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி