45021-க்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு,

நம் ரத்ததானக் குழுவின் பட்டியல் நேற்று ராத்திரி ஒருவழியாகச் சரியாகிவிட்டது. இதற்காக உங்களில் பலரைத் தூங்கவிடாமல் செய்தேன். அதற்குத்தான் இந்த மடல்.

கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியை நாம் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்திருந்தோம். 5.4.23, 05/04/2023, 2023-04-05, அப்புறம் வெறும் 45021. எல்லாம் ஒரே நாள்தான். எக்செல் தேதியை உள்ளே எண்ணாக வைத்திருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் பைத்தான் நிரல்மொழியில், எப்படி எழுதிய தேதியையும் ஊகித்துப் படிக்கும் டேட்யூட்டில் என்ற நிரல்தொகுப்பிடம் மொத்தத்தையும் தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்தேன். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது மாதம் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். 05/04 மே 4 ஆகிவிட்டது. 25/04 வந்தாலோ, இருபத்தைந்தாவது மாதம் கிடையாதே என்று சத்தமில்லாமல் முதல் எண்ணை நாளாக எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியே வராது. 'நாள் முதலில்' என்று மாற்றினேன். இப்போது 2023-04-05 மே மாதத்துக்குப் போய்விட்டது! ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி பார்க்கும் இடத்தில் ஒரு மாதம் நகர்வது விளையாட்டில்லை.

"ஊகிக்கவே விடாதீங்கண்ணா" என்று சொன்ன தம்பிக்கு முதல் நன்றி. தெரிந்த வடிவங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக ஸ்ட்ரிப்டைமில் (நாம் சொல்லும் வடிவத்தில் மட்டுமே தேதியைப் படிக்கும் பைத்தான் கட்டளை) போட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று வேல்யூஎரர் என்ற பிழை வந்தால் அடுத்ததற்குப் போகச் சொன்னான். எதற்கும் பொருந்தாதது தனிக் கோப்புக்கு. பத்தே வரி நிரல்.

ஆனால் 05/04 இரண்டு விதமாகவும் பொருந்துமே? வருடத்தில் 132 நாளுக்கு இந்தக் குழப்பம் உண்டு. தேதியை முறைத்துப் பார்த்துப் பயனில்லை, அது எந்தப் படிவத்திலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் என்றார் முகாம் பொறுப்பாளர். அவர் சொன்னது சரி. இணையப் படிவத்தில் வந்தவை மட்டும் மாதம் முதலில். கையால் எழுதியவை எல்லாம் நாள் முதலில்.

ஏப்ரல், ஏப். என்று எழுத்தில் எழுதியவற்றை, எந்தச் சொல் எந்த மாதம் என்று நிரலுக்குச் சொல்லும் ஒரு அகராதியில் அடக்கிய கல்லூரித் தங்கைக்கும் நன்றி. 'பங்குனி 22' என்று எழுதியிருந்த ஐயாவுக்கு மட்டும் நேராகவே போன் போட்டுவிட்டாள்.

ரத்த வங்கி அக்கா, மிஞ்சிய ஏழு பெயர்களுக்கும் பழைய நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தீர்கள். அது இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஞாயிறு முகாமுக்குக் கொண்டுவருகிறேன்.