லாரி ஏற்றுமுன் ஒரு போன்

நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் புயல் நிவாரணப் பொருள் திரட்டும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்தால் வங்கக் கடலில் தாழ்வு நிலை என்று செய்தி வரும், நீங்களும் தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவீர்கள். நானும் உங்களில் ஒருவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாலாம் நாள் நாங்கள் ஒரு லாரியில் போனோம். பாதி லாரி பழந்துணி. அங்கே ரோட்டோரத்தில் ஏற்கெனவே துணிக் குவியல் நனைந்து நாறிக் கிடந்தது. ஒரு அக்கா ஜரிகைச் சேலை ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இதக் கட்டிக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் முகம் செத்துப்போனது.

தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. நாங்கள் கொண்டுபோன பாட்டில்கள் ஒரு தெருவுக்கே போதவில்லை. யாரோ வாடகைக்கு எடுத்து வந்த ஜெனரேட்டர் ஊருக்கே தண்ணீர் ஏற்றியது. அப்புறம் தார்ப்பாய். கொடுத்தோம், கட்டக் கயிறு கொண்டுபோகவில்லை! டார்ச், கொசுவர்த்தி, நாப்கின், புது உள்ளாடை, சாரம் (லுங்கி), நைட்டி எல்லாம் கேட்டார்கள். எதுவும் எங்களிடம் இல்லை.

மெயின் ரோட்டு ஊர்களிலேயே லாரி பாதி காலியானது. மறித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் கூரை இல்லை. ஆனால் உள்ளே உப்பளக் கூலிகள் இருந்த தெருவுக்குப் போனபோது எங்களிடம் மிஞ்சியது அந்தப் பழந்துணிதான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணியும் கரைமீறியபோது நாமே கை நீட்டி நின்றோமே. எங்கள் தெருவில் பிரெட் மலையாகக் குவிந்தது. பால் பவுடருக்கு அலைந்தோம்.

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று நம் கரையிலேயே எத்தனை ஊர்கள். ஊர்க் கமிட்டிக்காரர்கள், சர்ச் பங்குக்காரர்கள் நம்பரை இப்போதே வாங்கி வையுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை கைக்குழந்தை என்பது அவர்களுக்கு அத்துப்படி. லாரி ஏற்றுமுன் ஒரு போன் போட்டால் போதும். திரட்டிய பணத்தில் பாதியைத் தொடாமல் வையுங்கள். அரிசி எப்படியும் வந்துவிடும். வலை போனவர்கள் வலைக்கும் இன்ஜினுக்கும் ஆள் தேடுவது இரண்டு மாதம் கழித்துத்தான். அப்போது ஒரு லாரியும் வராது.

சரி, இந்த வருஷக் கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள். கயிறு என் பொறுப்பு.

இப்படிக்கு,
பழந்துணி லாரியில் போனவன்