தை மாதத்து ஆமைகளைக் காப்பாற்றுங்கள்: வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்ற கடல் ஆமை இனம்) செத்து ஒதுங்கின. உடற்கூறு ஆய்வில் பல ஆமைகள் மூச்சுத் திணறி இறந்ததற்கான அறிகுறிகள் இருந்தன. ஆமைக்குச் செவுள் கிடையாது. மூச்சு வாங்க மேலே வந்தே ஆகவேண்டும். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவை மடி வலைக்குள் சிக்கி, வலை மேலே வரும்வரை நீருக்கடியிலேயே கிடந்தால் அது மூழ்கித்தான் சாகும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த மாதம் முழுக்கப் பிணங்களை எண்ணியவர்களும் குழி தோண்டிப் புதைத்தவர்களும் உங்கள் ஊழியர்களும் தன்னார்வலர்களும்தான்.

அந்தச் சாவுகளை வெறும் எண்ணிக்கையாகப் பார்த்து முடித்துவிட்டோமோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன். இறந்தவை எத்தனை என்பதோடு, எந்த மாதத்தில் இறந்தன என்பதையும் பார்க்க வேண்டும். கடலும் மணலும் சூடாகிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், முட்டையிடும் பருவத்தின் தொடக்கத்திலேயே கரைக்கு வரும் ஆமைகள் இந்த இனத்தின் கையில் இருக்கும் முக்கியமான சேமிப்பு. அவற்றைத்தான் நாம் இழந்தோம்.

முதலில் ஒரு கணக்கு. தமிழகக் கரையில் ஒரு நல்ல பருவத்தில் உங்கள் பொரிப்பகங்களிலிருந்து இரண்டு லட்சம் குஞ்சுகள் வரை கடலுக்குப் போகின்றன. பெரிய வேலை அது. இரவெல்லாம் நடந்து, நாய்க்கும் நரிக்கும் முன்பாக முட்டைகளை எடுத்துவந்து பாதுகாக்கிறவர்களுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து முட்டையிட வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் இரண்டு லட்சம் குஞ்சுகள், பத்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, சுமார் இருநூறு வளர்ந்த ஆமைகள். ஒரே ஜனவரியில் ஒதுங்கியவை அதைப்போல ஐந்து மடங்கு. கரைக்கு வராமல் கடலிலேயே மறைந்துபோனவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

இனி மாதத்துக்கு வருகிறேன். கடல் ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம்தான் முடிவு செய்கிறது. முட்டை மண்ணுக்குள் இருக்கும் நாட்களில் நடு மூன்றில் ஒரு பங்கு காலத்தில் இது தீர்மானமாகிறது. சுமார் 29 டிகிரி செல்சியஸை ஒட்டி ஆணும் பெண்ணும் கலந்து வரும். அதற்குக் கீழே போனால் ஆண்கள் கூடும், மேலே போனால் பெண்கள் கூடும். இன்னும் மேலே, 35 டிகிரியை நெருங்கினால், கரு முட்டைக்குள்ளேயே வெந்து இறந்துவிடும். நம் கரையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி, தை மாதங்களில் மணல் குளிர்ந்திருக்கும். மாசி, பங்குனி என்று போகப்போகச் சூடேறும். அதனால் தையில் இடப்படும் முட்டைகள்தான் ஆண் குஞ்சுகளைத் தரும் வாய்ப்பு அதிகம் உள்ளவை. பங்குனி முடியும் தறுவாயில் இடப்படுபவை பெரும்பாலும் பெண்களைத்தான் தரும். வெயில் மிஞ்சினால் எதையுமே தராது.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண்கள். தெற்கே குளிர்ந்த கரைகளில் பிறந்தவற்றில் பெண்கள் அறுபத்தைந்து எழுபது சதவீதம்தான். ஒரே கடல், ஒரே இனம், மணல் மட்டும் வேறு. நம் பக்கம் இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1950க்குப் பிறகு ஒரு டிகிரிக்கும் மேல் சூடாகியிருக்கிறது. வடக்குத் திட்டுக்கு வந்தது நமக்கு வராது என்று இருந்துவிட முடியாது.

ஆமைகள் சும்மா இருந்து சாகும் பிராணிகள் அல்ல. பத்து கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமியில் இருக்கின்றன. பனியுகங்களையும் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கியதையும் பார்த்துவிட்டு வந்தவை. சூடு கூடினால் என்ன செய்வது என்பது அவற்றுக்கு ஓரளவு தெரியும். அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் நாள் 1989க்கும் 2003க்கும் இடையில் சுமார் பத்து நாட்கள் முன்னால் நகர்ந்தது. சைப்ரஸ் தீவிலும் முப்பது ஆண்டுப் பதிவுகள் அதே போக்கைக் காட்டுகின்றன. மத்தியதரைக் கடலில் முன்பு ஆமை அரிதாகவே முட்டையிட்ட ஸ்பெயின், பிரான்ஸ் கரைகளில் இப்போது கூடுகள் அடிக்கடி தென்படுகின்றன. ஆண் ஆமைகள் பெண்களைவிட அடிக்கடி இனச்சேர்க்கைக்கு வருவதால் ஆண்கள் கொஞ்சம் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ள முடிகிறது. இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து நடப்பதில்லை.

ஆனால் இந்த வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. முன்னதாக வருவதற்கு, முன்னதாக வருகிற ஆமைகள் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் சில சீக்கிரம் வரும், சில தாமதமாக வரும். அந்த வேறுபாடுதான் அவற்றின் காப்பீடு. சீக்கிரம் வருபவை ஆண்டுதோறும் வலையில் சிக்கிச் செத்தால், மிஞ்சுபவை வெயிலில் முட்டையிடுகிறவை. பருவநிலை மாற்றம் ஒரு பக்கம் தள்ள, நம் மீன்பிடி முறை அதே பக்கம் இழுக்கிறது.

மீன்வளத்துறை அதிகாரிகளே, உங்களிடம்தான் முதல் வேண்டுகோள். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அது மீன் இனப்பெருக்கத்துக்காகப் போடப்பட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆமைகள் கரையோரம் கூடி நிற்பது டிசம்பர் பிற்பாதி முதல் மார்ச் வரை. அந்தத் தடை தொடங்கும்போது அவற்றில் பெரும்பாலானவை முட்டையிட்டு முடித்திருக்கும், அல்லது செத்திருக்கும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவை மடி போடக்கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. டிசம்பர் 15 முதலே ரோந்துப் படகு கடலில் நிற்க வேண்டும். நிற்கிறது என்பது படகு ஓட்டுகிறவர்களுக்குத் தெரியவும் வேண்டும். பிணங்கள் ஒதுங்க ஆரம்பித்த பிறகு கூட்டம் போடுவது, அந்த ஆண்டின் தை ஆமைகளைப் பொறுத்தவரை, காலம் கடந்த வேலை.

அப்புறம், ஆமை விலக்கிச் சாதனம். வலையின் கழுத்துப் பகுதியில் ஒரு கம்பிச் சட்டமும் மேலே ஒரு திறப்பும், அவ்வளவுதான். இறால் கம்பிகளுக்கு இடையில் புகுந்து மடிக்குப் போய்விடும், ஆமை முட்டிக்கொண்டு திறப்பு வழியே வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் நாட்டு வலைகளுக்கு ஏற்ற மாதிரியில் இதை வடிவமைத்துக் கொடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. மீனும் சேர்ந்து வெளியே போய்விடும் என்று படகு உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யாமல், அவர்கள் படகிலேயே சாதனம் உள்ள வலையையும் இல்லாத வலையையும் போட்டுக் காட்டி, பிடிபட்டதை எடை போட்டு, இழப்பு இருந்தால் அதை ஈடுகட்டுங்கள். தடைக்கால நிவாரணம் கொடுக்கும் ஏற்பாடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இந்தச் சாதனம் இல்லாத காரணத்தால் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தி ஆண்டுகள் ஆகின்றன. அந்த இழப்பையும் சேர்த்துச் சொன்னால் மீனவர்கள் கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஃபைபர் படகிலும் கட்டுமரத்திலும் போகிற குப்பத்து மீனவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். வலையில் சிக்கிய ஆமையை விடுவிக்கத் தன் வலையையே அறுத்து நஷ்டப்படுத்திக்கொள்கிறவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

வனத்துறை அதிகாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியது பொரிப்பகங்களைப் பற்றி. தாய் ஆமை தானே இடம் தேடி, தன் பின்துடுப்பால் குடம்போலக் குழி தோண்டி, நூற்றுக்கும் மேல் முட்டைகளை இட்டுவிட்டுப் போகிறது. ஒன்று அலைக்கு அருகில் இடும், ஒன்று மேட்டில் இடும், ஒன்று கொடிக்கு அடியில் இடும். ஒவ்வொரு கூட்டின் வெப்பமும் ஒவ்வொரு மாதிரி. நாம் எல்லாவற்றையும் எடுத்துவந்து ஒரே வேலிக்குள், ஒரே வெயிலில், நெருக்கமாகப் புதைக்கிறோம். நாயும் திருட்டும் வெளிச்சமும் இருக்கிற சென்னையில் வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணத்திலிருந்து குஞ்சின் பாலினத்தை நாம்தான் முடிவு செய்கிறோம், தெரிந்தோ தெரியாமலோ.

தெரியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸில் ஒரு பாடம் இருக்கிறது. நம் பங்குனி ஆமையின் நெருங்கிய உறவான கெம்ப் ரிட்லி ஆமை அழிவின் விளிம்பில் இருந்தபோது, மெக்சிகோவிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து 1978 முதல் பாட்ரே தீவில் பெட்டிகளில் வைத்துப் பொரித்தார்கள். வெப்பம்தான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்பது அந்த இனத்துக்கும் பொருந்தும் என்று அப்போது தெரியவில்லை. முதல் சில ஆண்டுகளில் வந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை ஆண்கள். விஷயம் புரிந்ததும் எண்பதுகளின் நடுவில் வெப்பத்தைக் கூட்டி, பெண்கள் வரும்படி மாற்றிக்கொண்டார்கள். நமக்கு இருக்கும் ஆபத்து இதற்கு நேர் எதிர்த் திசையில். ஆனால் கூடு எந்தச் சூட்டில் இருக்கிறது என்று பார்க்காமல் பொரிக்கக் கூடாது என்பது இரண்டு இடத்துக்கும் பொதுவானது.

ஆகவே, ஒவ்வொரு பொரிப்பகத்திலும் கூட்டின் ஆழத்தில், சுமார் ஒன்றரை அடியில், வெப்பத்தைத் தானாகப் பதியும் கருவிகளை வையுங்கள். அவற்றின் விலை ஒன்றும் பெரிதல்ல. மார்ச் நடுவிலிருந்து ஒரு பகுதிக்கு மட்டும் தென்னை ஓலைப் பந்தல் போடுங்கள், மற்ற பகுதியைத் திறந்தே விடுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள். முழுவதும் நிழல் போட்டுவிட்டால் அதுவும் ஒரு பக்கச் சாய்வுதான். பொரிப்பகத்தின் இடத்தையும் ஆண்டுதோறும் மாற்றுங்கள், பழைய முட்டை ஓடுகளும் அழுகலும் தேங்கிய மணலில் பூஞ்சை வரும். பழவேற்காட்டுக்கு அப்பாலும் கோடியக்கரைப் பக்கமும் ஆள் நடமாட்டம் குறைந்த கரைகளில், காவல் போட முடிகிற இடங்களில், கூடுகளை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தாய் தேர்ந்தெடுத்த இடம் என்பதில் நாம் இன்னும் கற்றுக்கொள்ளாத அறிவு இருக்கிறது. இவற்றில் சில ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் மகிழ்ச்சி. அதன் முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

செலவே இல்லாத ஒரு வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டுக்கும் முட்டை எடுத்த நாளும் குஞ்சு வெளிவந்த நாளும் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. சென்னையில் 1970களில் பாம்புப் பண்ணை அறக்கட்டளை தொடங்கிய வேலையிலிருந்து, 1988 முதல் இரவு நடை போகும் மாணவர் அமைப்பு வரை, அரை நூற்றாண்டுப் பதிவுகள் நம்மிடம் சேர்ந்திருக்கின்றன. மணல் சூடாக இருந்தால் குஞ்சு சீக்கிரம் வெளிவரும், குளிர்ந்திருந்தால் தாமதமாகும். நாற்பத்தைந்து நாளில் வந்த கூட்டுக்கும் அறுபது நாளில் வந்த கூட்டுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து வெப்பத்தையும், அதிலிருந்து ஆண் பெண் விகிதத்தையும் தோராயமாகக் கணிக்க முடியும். முதல் கூடு எந்தத் தேதியில் கிடைத்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. நம் ஆமைகள் தேதியை முன்னால் நகர்த்துகின்றனவா என்ற கேள்விக்கு விடை அந்தப் பழைய நோட்டுகளில்தான். எத்தனையோ வெளிநாட்டுக் கரைகளில் இப்படி ஒரு தொடர்ச்சியான பதிவு கிடையாது. அவை பூச்சி அரித்துப் போவதற்கு முன் கணினியில் ஏற்றுங்கள்.

கரையைப் பற்றி நீளமாக எழுதவில்லை. துறைமுகம் கட்டிய பிறகு மெரினாவில் மணல் சேர்ந்ததும், ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துப் போனதும் எல்லோருக்கும் தெரியும். அரிப்பு கண்ட இடமெல்லாம் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது, ஆமைக்கு ஏற இடமும் போகிறது. சுனாமிக்குப் பிறகு மணல் மேட்டிலேயே நட்ட சவுக்குத் தோப்புகளும் அப்படித்தான். நிழல் தரும் என்றாலும், அலைக்கு நெருக்கமாக வேர் பின்னிக்கிடந்தால் குழி தோண்ட முடியாமல் ஆமை திரும்பிவிடும். இனி நடும்போது கடலை நோக்கிய மணல் பட்டையைக் காலியாக விடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து விடுதிகளின் விளக்குகளையும் ஜனவரி முதலே அணைக்கச் சொல்லுங்கள், குஞ்சு பொரியும் மாதத்தில் மட்டும் அல்ல. தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் கரையேறத் தயங்கும்.

உங்கள் இரண்டு துறைகளும் அக்டோபரிலேயே ஒருமுறை ஒன்றாக உட்காருங்கள். ரோந்துத் தேதிகள், எந்தெந்தப் படகில் ஆமை விலக்கி மாட்டப்படுகிறது, எத்தனை பொரிப்பகத்தில் வெப்பப் பதிவு தொடங்குகிறது என்ற மூன்றையும் நவம்பர் முடிவதற்குள் அறிவியுங்கள். பதிவேடுகளைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் கடலோரக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், வருவார்கள். நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
சென்னைக் கடற்கரையில் வசிக்கும் ஒருவர்